ஓவல் டிராக்கில் ஸ்டாக் கிளாஸ் கார்: சஸ்பென்ஷன், பிரேக் செட்டிங் பற்றி உதவி தேவை

ஈசூன்ரவி:
எல்லாருக்கும் வணக்கம். அக்கா வீட்டுக்காரர் நார்த் கரோலினாவில் இருக்கிறார். ஸ்ட்ரீட் ஸ்டாக் கிளாஸில் (பழைய ரோடு கார்களை வைத்து ஓட்டும் பந்தயப் பிரிவு) ஓட்ட ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறார்: 1985 மான்டி கார்லோ, ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) மெட்ரிக் வகை சேசி, வி8, பின் டிஃப் வெல்டு பண்ணியது, அதாவது இரு பின் சக்கரமும் ஒன்றாகவே சுழலும். ஓட்டப்போவது ஹிக்கரி ஸ்பீட்வே, 0.363 மைல் தார் ஓவல். ஜூன் லீவில் போய் அவரோடு சேர்ந்து செட் பண்ணித் தரப்போகிறேன். இங்கே சிங்கப்பூர் சின் மிங்கில் அலைன்மென்ட், பிரேக் வேலை தினமும் செய்கிறோம். ஆனால் நாம் பார்ப்பதெல்லாம் ரோடு கார், மிஞ்சினால் மலேசியாவின் செப்பாங் டிராக் டே. இடது பக்கம் மட்டுமே திரும்பும் காரை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவேண்டும்.

அத்தான் சொல்லும் குறைகள்: பிரேக் பிடித்துக்கொண்டு திருப்பத்தில் நுழைந்தால் பின்பக்கம் வெளியே வீசுகிறது. நடுத் திருப்பத்தில் நேர்மாறாக முன்பக்கம் தள்ளுகிறது, எவ்வளவு ஒடித்தாலும் போதவில்லை. வெளியேறும்போது ஆக்சிலரேட்டர் மிதித்தால் மறுபடி பின்பக்கம் வீசுகிறது. பிரேக் பெடல் முதல் மிதியில் பாதிக்கு மேல் இறங்குகிறது, இரண்டாம் மிதியில் கெட்டியாகிறது. பிளீட் பண்ணியாயிற்று (லைனில் உள்ள காற்றை வெளியேற்றுவது), காற்று வரவில்லை. வலது முன் டயரின் வெளி ஓரம் உரிகிறது.

மிதிக்கு உதவும் பூஸ்டரை எடுத்துவிட்டு 1 அங்குல சாதா மாஸ்டர் சிலிண்டர் (மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றுவது) போட்டிருக்கிறது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன், பின் பிரேக் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஒரிஜினல் காம்பினேஷன் வால்வைக் கழற்றிவிட்டு பின் லைனை நேரே இழுத்திருக்கிறார்கள்.

காக்கிபுக்கிட்ஸ்பானர்:
தம்பி, குறையை நுழைவு, நடு, வெளியேற்றம்னு பிரிச்சு எழுதினீங்க பாருங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சது. மூணுக்கும் ஒரே காரணம் இருக்கும்னு தேடாதீங்க. நுழைவுல கோளாறுன்னா முதல்ல பிரேக், அப்புறம் ஷாக். நடுவுல கோளாறுன்னா கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாயற கோணம்), ஸ்பிரிங், ஸ்டாகர் (ரெண்டு பின் டயரோட சுற்றளவு வித்தியாசம்). வெளியேறும்போதுன்னா கிராஸ் வெயிட் (வலது முன், இடது பின் சக்கரங்கள் தாங்கற எடைப் பங்கு), ஸ்டாகர். நுழைவுல வீசுதுன்னு சொன்னதும் நிறைய பேர் ஸ்பிரிங்கைக் கழற்றப் போயிடுவாங்க, அது தப்பு.

எதையும் அளக்கும் முன்னாடி தேய்மானம் பாருங்க. பால் ஜாயிண்ட், டை ராட், ஐட்லர் ஆர்ம், வீல் பேரிங். இந்த சேசியில முன் டிஸ்க்கும் ஹப்பும் ஒரே வார்ப்பு, உள்ளே டேப்பர் பேரிங். பேரிங் லூஸா இருந்தா டிஸ்க் ஆடி பேடை உள்ளே தள்ளிவிடும், அடுத்த மிதியில பெடல் இறங்கும். சக்கரத்தைத் தூக்கி 12 மணி, 6 மணி இடத்துல பிடிச்சு ஆட்டிப் பாருங்க.

நாலு சக்கர எடையும் வலது முன் டயர் வெப்பமும் அனுப்பச் சொல்லுங்க. அது இல்லாம பேசறது ஜோசியம்.

ஜூரோங்சிம்:
நான் ஐரேசிங் என்ற கம்ப்யூட்டர் ரேஸ் சிமுலேட்டரில் ஸ்ட்ரீட் ஸ்டாக் ஓட்டுகிறேன். அங்கே வெளியேற்றத்தில் வீசினால் கிராஸ் வெயிட்டை ஏற்றுவோம், நுழைவில் வீசினால் பிரேக் பயாஸை (முன் பின் பிரேக் பங்கீட்டை) முன்னால் தள்ளுவோம். நிஜக் காருக்கும் அதே திசைதானே? கூடவே பின் ஆர்ம்களுக்கு பாலியூரித்தேன் புஷ் போட்டு, முன்னால் 12கே ஸ்பிரிங் போட்டால் உடல் சாய்வது குறையும் என்று நினைக்கிறேன்.

வளர்மதி_மெக்:
திசை சரி. புஷ், ஸ்பிரிங் இரண்டிலும் நான் மாறுபடுகிறேன், கீழே சொல்கிறேன். முதலில் எடை, ஏனென்றால் ரவி அங்கே போனதும் முதல் நாள் செய்யவேண்டியது அதுதான்.

தராசு நான்கும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பாருங்கள். 1.5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வினைல் தரை ஓடுகளை அடியில் வைத்துச் சரிசெய்யுங்கள். டயர் அழுத்தம் பந்தய அளவில், எரிபொருள் பந்தய அளவில், ஓட்டுநர் இருக்கையில் அல்லது அவர் எடைக்குச் சமமான மணல்மூட்டை அங்கே. ஸ்டியரிங் நேராக. ஸ்வே பாரின் (கார் சாய்வதைக் குறைக்கும் தண்டு) ஒரு பக்க லிங்கைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அது முறுக்கிக்கொண்டு பொய்யான எண்ணைக் காட்டும். ஜாக்கில் இருந்து இறக்கியதும் டயர்கள் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்திருக்கும். டயருக்கு அடியில் கிரீஸ் தடவிய இரண்டு தகடுகளை வைத்து, காரை இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டால் சஸ்பென்ஷன் தன் இடத்துக்கு வரும்.

இனி கணக்கு. இடது முன், இடது பின் இரண்டையும் கூட்டி மொத்தத்தால் வகுத்தால் இடப்பக்க விழுக்காடு. பின் இரண்டையும் கூட்டினால் பின்பக்க விழுக்காடு. வலது முன், இடது பின் இரண்டையும் கூட்டினால் கிராஸ் வெயிட். ஸ்பிரிங் மேலுள்ள ஜாக் போல்ட்டைத் திருகி மாற்ற முடிந்தது கிராஸ் வெயிட் ஒன்றைத்தான். இடப்பக்க விழுக்காடும் பின்பக்க விழுக்காடும் திருகினால் மாறாது. பேட்டரி, ஈயக்கட்டி, எரிபொருள் டாங்க் போன்ற கனத்தைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால்தான் மாறும். இது புரியாமல் இடப்பக்க எடை கூட்ட போல்ட்டைத் திருகிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. இடப்பக்க எடைக்கு ரூல் புத்தகத்தில் உச்சவரம்பு இருக்கும், அதை முதலில் பாருங்கள்.

ஸ்பிரிங் விஷயம். நம் ஊரில் 8கே, 6கே என்று பேசுவது கிலோ/மில்லிமீட்டர். அமெரிக்காவில் பவுண்டு/அங்குலம். 1 கிலோ/மிமீ என்பது சுமார் 56 பவுண்டு/அங்குலம், ஆகவே 12கே என்பது 670 பவுண்டு ஸ்பிரிங். இந்த சேசியில் முன் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் 2 அங்குலம் ஏறினால் ஸ்பிரிங் ஏறத்தாழ 1 அங்குலம்தான் அமுங்கும். சக்கரத்தில் தெரியும் விறைப்பு அந்த விகிதத்தின் வர்க்கம், அதாவது கால் பங்கு. 900 பவுண்டு ஸ்பிரிங் சக்கரத்தில் 225 ஆகத்தான் வேலை செய்யும். பின்னால் ஸ்பிரிங் அச்சின் மேலேயே இருப்பதால் 200 பவுண்டு ஸ்பிரிங் ஏறத்தாழ 200 ஆகவே இருக்கும். முன்னால் 800 முதல் 1000, பின்னால் 175 முதல் 225 என்று கேள்விப்பட்டால் திகைக்கவேண்டாம், இரண்டும் பொருந்துகிற எண்கள்தான். ஜூரோங்சிம் சொல்லும் 12கே இந்தக் காருக்கு மென்மையான ஸ்பிரிங்.

காக்கிபுக்கிட்ஸ்பானர்:
பாலி புஷ் பத்தி நான் சொல்றேன். இந்த சேசியில பின்னால நாலு ஆர்ம். கீழ் ரெண்டும் ஏறக்குறைய நேரா போகும், மேல் ரெண்டும் கோணமா போகும். அச்சு பக்கவாட்டில் நகராம பிடிச்சு வைக்கிறது மேல் ஆர்ம்தான், பேன்ஹார்ட் ராடு கிடையாது. கார் சாயும்போது மேல் ஆர்ம் முறுக்கணும், அந்த முறுக்கை வாங்கிக்கிறது ரப்பர் புஷ். அங்கே கெட்டியான பாலி போட்டா முறுக்க இடம் இல்லாம இறுகிப்போகும். கொஞ்சம் சாயும் வரைக்கும் எல்லாம் நல்லா இருக்கும், அப்புறம் திடீர்னு பின்பக்கம் கல் மாதிரி ஆகி டயர் பிடியை விட்டுடும். ஓட்டுறவருக்கு முன்னறிவிப்பே கிடைக்காது. மேல் ஆர்முக்குப் புது ரப்பர் புஷ், ரூல் அனுமதிச்சா உருண்டை ஜாயிண்ட். பாலி வேணும்னா கீழ் ஆர்மோட நிறுத்திக்கங்க.

ஈசூன்ரவி:
அத்தான் தராசு வாடகைக்கு எடுத்து அளந்து அனுப்பியிருக்கிறார், ஓட்டுநரோடு, பவுண்டில்:
இடது முன் 930, வலது முன் 770
இடது பின் 790, வலது பின் 710
வலது முன் டயர் வெப்பம், டிராக்கை விட்டு வந்த உடனே: வெளி ஓரம் 96, நடு 88, உள் ஓரம் 81 டிகிரி செல்சியஸ். அந்தச் சக்கரத்தின் கேம்பர் மைனஸ் 1.5. காலிப்பர் நான்கு மாதம் முன்பு ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் வாங்கிய புது மெட்ரிக் காலிப்பர்.

வளர்மதி_மெக்:
நல்ல தகவல். மொத்தம் 3200. இடப்பக்கம் 1720, அதாவது 53.75 விழுக்காடு. பின்பக்கம் 1500, 46.9. இரண்டும் இந்த வகைக் காருக்கு ஏற்றவை, தொடவேண்டாம். கிராஸ் வெயிட் 770ம் 790ம் சேர்ந்து 1560, வெறும் 48.75. வெளியேறும்போது வீசுவதற்கு இதுவே போதுமான காரணம். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது இடது பின் டயரில் கனம் இல்லாததால் அது பிடியை விடுகிறது.

51.5க்குக் கொண்டுவாருங்கள். அப்படியென்றால் வலது முன், இடது பின் இரண்டும் சேர்ந்து 1648 ஆகவேண்டும், 88 பவுண்டு கூட. அது நான்கு சக்கரத்திலும் ஏறத்தாழ 44 ஆகப் பிரியும்:
இடது முன் 886, வலது முன் 814
இடது பின் 834, வலது பின் 666

ஒரே போல்ட்டை மட்டும் திருகி இதை எட்டினால் காரின் உயரம் கோணலாகும். இடது பின்னையும் வலது முன்னையும் அரைச் சுற்று ஏற்றி, மற்ற இரண்டையும் அரைச் சுற்று இறக்கி, அமுக்கிவிட்டு, எண்ணைப் படியுங்கள். அரைச் சுற்றுக்கு எத்தனை பவுண்டு என்று தெரிந்துவிட்டால் மீதி கணக்குதான். முன்னும் பின்னும் ஸ்பிரிங் இடம் வேறு என்பதால் சுற்று எண்ணிக்கை வேறுபடும், அதனால் உயரத்தையும் அளந்துகொண்டே வாருங்கள். முடிந்ததும் ஸ்வே பார் லிங்கை இழுக்காமல் தள்ளாமல் தானாக நுழையும் நீளத்துக்கு மாற்றி மாட்டுங்கள்.

டயர் வெப்பம் நடுத் திருப்பத்தில் தள்ளுவதன் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. வெளி ஓரம் 15 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது, உள் ஓரம் வேலையே செய்யவில்லை. உள் ஓரம் வெளி ஓரத்தைவிட 3 முதல் 6 டிகிரி சூடாக இருக்கவேண்டும். வலது முன் கேம்பரை மைனஸ் 3க்குக் கொண்டுபோய் மறுபடி அளக்கலாம். இடது முன் பிளஸ் 2லிருந்து 3, அது இடப்பக்கமாகவே சாய்ந்து நிற்கவேண்டிய சக்கரம். கேஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னால் சாயும் கோணம்) வலதில் பிளஸ் 4, இடதில் பிளஸ் 2. கேஸ்டர் குறைந்த பக்கம் கார் தானே இழுக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். மேல் ஆர்ம் ஷாஃப்ட்டில் ஷிம்மை முன்னும் பின்னும் சம அளவில் மாற்றினால் கேம்பர் மட்டும் மாறும், வேறு வேறு அளவில் மாற்றினால் கேஸ்டரும் மாறும். கேம்பர் மாற்றினால் டோ (முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் அளவு) கெட்டுவிடும், கடைசியில் டோ அவுட் 2 முதல் 3 மில்லிமீட்டருக்கு மறுபடி வையுங்கள்.

கேம்பர் மாற்றத்தால் முன்பக்கப் பிடி கூடும், கிராஸ் வெயிட் ஏற்றினால் கார் டைட் ஆகும், அதாவது முன்பக்கம் தள்ளும். அதனால் முதலில் எடை, அதன்பின் கேம்பர், தனித்தனி ஓட்டமாகப் பாருங்கள்.

தெம்பனிஸ்துரை:
நுழைவில் வீசுவதற்கு என் கணிப்பு: இடது பின் டிரம் வலதைவிட டைட்டாக அட்ஜஸ்ட் ஆகியிருக்கும், அது காரை உள்பக்கம் சுழற்றுகிறது. அதோடு பெடல் நீளமாக இறங்குவதால் பின் பிரேக் முதலில் பிடித்து, முன் பிரேக் தாமதமாக வருகிறது.

வளர்மதி_மெக்:
துரை அண்ணே, சாதாரணக் காராக இருந்தால் முதல் கணிப்பு சரி. இங்கே டிஃப் வெல்டு பண்ணியிருக்கிறது. இரண்டு பின் சக்கரமும் ஒரே அச்சாகச் சுழல்கின்றன, ஒரு டிரம் கூடுதலாகப் பிடித்தாலும் அந்த விசை அச்சு வழியாக மறு சக்கரத்துக்கும் போய்விடும். இடது வலது வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோகும். நாம் கவனிக்கவேண்டியது பின்பக்கத்தின் மொத்த பிரேக்.

இரண்டாவது கணிப்பும் டாண்டம் மாஸ்டரில் பொருந்தாது. உள்ளே இரண்டு பிஸ்டன், ஒன்று மிதந்து நிற்கிறது. முன் சர்க்யூட்டில் அழுத்தம் ஏறவில்லையென்றால் மிதக்கும் பிஸ்டன் அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டே போகும், பின் சர்க்யூட்டிலும் அழுத்தம் ஏறாது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் ஏறும். இரட்டை மாஸ்டரும், அவற்றுக்கு மிதியைப் பிரித்துக் கொடுக்கும் பேலன்ஸ் பாரும் உள்ள காரில்தான் நீங்கள் சொல்வது நடக்கும்.

நுழைவில் பின் சக்கரம் பூட்டுவதற்கு (சுழலாமல் நின்று வழுக்குவதற்கு) காரணம் காம்பினேஷன் வால்வு இல்லாததுதான். கணக்குப் பாருங்கள். கனமையம் 18 அங்குல உயரம், வீல்பேஸ் 108 அங்குலம், பிரேக் 0.8 ஜி என்று வைத்துக்கொண்டால், 3200 × 0.8 × 18 ÷ 108, சுமார் 427 பவுண்டு பின்னாலிருந்து முன்னால் போகிறது. பின்னால் மிஞ்சுவது 1073, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. பிரேக்கும் 67க்கு 33 என்ற அளவில் பிரியவேண்டும். நேரே இழுத்த லைனில் பின் டிரம்முக்கு அதைவிட அதிகம் போகிறது.

காக்கிபுக்கிட்ஸ்பானர்:
அதோட பெடல் கதையையும் சேருங்க. மெட்ரிக் காலிப்பர் பெரும்பாலும் லோ டிராக் வகை. அதன் சீல் பிஸ்டனை வழக்கத்தைவிட அதிகமா பின்னால இழுக்கும், ரோடுல எரிபொருள் மிச்சம் பண்ண அப்படிச் செஞ்சது. அந்த இடைவெளியை ஒரே மிதியில நிரப்பத்தான் கம்பெனியில குயிக் டேக்கப் மாஸ்டர் கொடுத்தாங்க. உள்ளே பெரிய விட்டம், சின்ன விட்டம்னு படி இருக்கும், வெளியே பார்த்தாலும் உடம்புல ஒரு புடைப்பு தெரியும். அதைக் கழற்றிட்டு சாதா 1 அங்குலம் போட்டதால முதல் மிதி இடைவெளியை நிரப்பவே போயிடுது. காற்று இல்லாமலேயே காற்று இருக்கிற மாதிரி பெடல். ஓட்டுறவர் திருப்பத்துக்கு முன்னாடி ரெண்டு தடவை பம்ப் பண்ணி மிதிப்பார், ரெண்டாவது மிதியில அழுத்தம் குத்துன்னு ஏறும், பின் சக்கரம் பூட்டும்.

வழி ரெண்டு. குயிக் டேக்கப் மாஸ்டரைத் திரும்பப் போடுங்க. இல்லைன்னா லோ டிராக் இல்லாத காலிப்பர் வாங்குங்க, ரூல் புத்தகம் அனுமதிச்சா. பூஸ்டர் இல்லாத காருக்கு ரெண்டாவதுதான் என் தேர்வு.

7/8 அங்குல மாஸ்டர் போடலாமான்னு அடுத்த கேள்வி வரும். 30 கிலோ மிதி, பெடல் விகிதம் 6க்கு 1, தள்ளுற விசை 180 கிலோ. 1 அங்குல மாஸ்டருக்கு சுமார் 505 பிஎஸ்ஐ, 7/8க்கு 660 பிஎஸ்ஐ. அழுத்தம் கூடும், ஆனா பெடல் பயணமும் 30 விழுக்காடு கூடும். பெடல் ஏற்கெனவே நீளமா இருக்கும்போது அதைச் செய்யாதீங்க. பூஸ்டருக்குன்னு வந்த பெடலோட விகிதம் 4 பக்கம் இருக்கும், அதையும் அளந்து பாருங்க. கால் வலிக்க மிதிச்சும் நிக்கலன்னா அதுதான் காரணம்.

அட்ஜஸ்டபிள் புரொபோர்ஷனிங் வால்வு பின் லைன்ல மட்டும். முன் லைன்ல ஒருபோதும் வேண்டாம். அது அழுத்தத்தைக் குறைக்க மட்டும்தான் செய்யும், கூட்டாது. பின்பக்கம் மிகக் குறைவா வச்சு ஆரம்பிச்சு, நேர் பாதையில ஒருத்தர் பாதுகாப்பான தூரத்துல நின்னு பார்க்க, அரைச் சுற்று அரைச் சுற்றா கூட்டுங்க. முன் சக்கரம்தான் முதல்ல பூட்டணும். ரெண்டு பிரஷர் கேஜ் இருந்தா பிளீடர் துளையில முன்னே ஒண்ணு, பின்னே ஒண்ணு மாட்டி எண்ணைக் குறிச்சு வச்சுக்கங்க. அடுத்த தடவை அனுமானம் வேண்டாம்.

ஈசூன்ரவி:
தெளிவாகிவிட்டது அண்ணே. பிளீட் வரிசை இங்கே செய்வது போலவா? பிரேக் ஆயில், டக்ட் (பிரேக்குக்குக் குளிர்காற்று கொண்டுபோகும் குழாய்) பற்றியும் சொல்லுங்கள்.

காக்கிபுக்கிட்ஸ்பானர்:
மாஸ்டருக்கு ரொம்ப தூரத்துல இருக்கிறது முதல்ல. நம்ம ஊர்ல ஸ்டியரிங் வலது, அதனால கை பழக்கத்துல இடது பின்ல ஆரம்பிப்போம். அங்கே ஸ்டியரிங் இடது. வலது பின், இடது பின், வலது முன், இடது முன். இன்னொண்ணு, இந்த மெட்ரிக் காலிப்பர் இடது வலது மாத்தி மாட்டினாலும் உட்கார்ந்துடும். அப்ப பிளீடர் நிப்பிள் கீழே பார்க்கும், காற்று மேலே மாட்டிக்கிட்டு ஒரு நாளும் வராது. நிப்பிள் மேலே இருக்கான்னு கண்ணால பாருங்க. பிளீட் பண்ணியும் காற்று வரலன்னு சொன்னீங்களே, அதை முதல் வேலையா பாருங்க.

ஆயில்: டாட் 3 புதுசா 205, டாட் 4 230 டிகிரி கொதிநிலை. ஈரம் ஏறினா 140, 155க்கு இறங்கிடும். ரேஸ் ஆயில் 300 தாண்டும். திறந்த பாட்டிலை அடுத்த வாரத்துக்கு வைக்காதீங்க. டாட் 5 சிலிக்கான் வேண்டாம்.

டக்ட்: 3 அங்குல ஹோஸை டிஸ்க்கோட நடுக் கண்ணுக்குக் கொண்டுபோங்க, காற்று உள்ளே போய் துடுப்பு வழியா வெளியே வரணும். ஒரு முகத்துல மட்டும் ஊதினா டிஸ்க் குடை மாதிரி வளைஞ்சு வெடிக்கும். டிஸ்க் ஓரத்துல வெப்பப் பெயிண்ட் பூசுங்க. பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610ல நிறம் மாறும். சிவப்பும் மாறியிருந்தா பேடையோ டக்ட்டையோ மாத்தணும்.

ஜூரோங்சிம்:
ஸ்டாகர் எவ்வளவு வைப்பது? சிம்மில் 2 அங்குலத்துக்கு மேல் போனால் நேர் பாதையில் கார் இடது இழுக்கிறது.

வளர்மதி_மெக்:
வெல்டு டிஃப் என்பதால் ஸ்டாகர் கட்டாயம். வலது பின் டயரின் சுற்றளவு இடதைவிடப் பெரிதாக இருக்கவேண்டும், வெளிச் சக்கரம் அதிக தூரம் போகிறது. கணக்கு: சுற்றளவு × இரு சக்கர இடைவெளி ÷ திருப்பத்தின் ஆரம். சுற்றளவு 2130 மிமீ, இடைவெளி 1.5 மீட்டர், ஆரம் 45 மீட்டர் என்று வைத்தால் 71 மிமீ, அதாவது 2.8 அங்குலம். ஹிக்கரியின் உண்மையான ஆரத்தை கூகுள் மேப்பில் அளந்து போடுங்கள். நேர் பாதையும் ஓடவேண்டியிருப்பதால் கணக்கில் வருவதைவிடக் குறைவாக, 2 அங்குலத்தில் ஆரம்பிக்கலாம். கூட்டினால் கார் லூஸ் (பின்பக்கம் வீசும்), குறைத்தால் டைட். காற்றழுத்தம் மாற்றினாலும் சுற்றளவு மாறும், பயாஸ் (ரேடியல் அல்லாத) டயரில் இன்னும் அதிகம். டேப்பை பந்தய அழுத்தத்தில்தான் சுற்றவேண்டும்.

இதில் சிக்குபவர்கள் அதிகம்: பெரிய டயரை வலது பின்னில் மாட்டினால் அந்த மூலை உயர்ந்து, கிராஸ் வெயிட் இறங்கிவிடும். ஸ்டாகர் கூட்டியதால் லூஸ் ஆனதா, கிராஸ் வெயிட் இறங்கியதால் ஆனதா என்று தெரியாது. பின் டயர் மாற்றினால் மறுபடி தராசு.

தெம்பனிஸ்துரை:
வெல்டு டிஃப் விஷயம் இப்போது புரிகிறது, நன்றி வளர்மதி. பின் அச்சு நேராக இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும் அல்லவா? நூல் கட்டிப் பார்ப்பது இங்கேயும் செய்கிறோம்.

வளர்மதி_மெக்:
கட்டாயம், அண்ணே. ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தால் அச்சு திரும்பிவிடும். வலது பின் சக்கரம் 3 மிமீ பின்னால் தள்ளியிருந்தாலே பின் சக்கரங்கள் வலப்பக்கம் பார்க்கும், பின்பக்கம் வெளியே போகும். முன்னால் தள்ளியிருந்தால் கார் தள்ளும். சேசியின் இரு பக்கமும் ஒரே ஆதாரத் துளையிலிருந்து அச்சுக்கு அளந்து பாருங்கள். ரவி, இதை தராசுக்கு முன்பே செய்துவிடுங்கள், அச்சு கோணலாக இருந்தால் அதன்மேல் செய்யும் எந்தச் செட்டிங்கும் நிற்காது.

காக்கிபுக்கிட்ஸ்பானர்:
வரிசை: தேய்மானம், அச்சு, பிரேக், தராசு, கேம்பர், டோ. டிராக்குல ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம். புது பேடையும் டிஸ்க்கையும் முதல்ல பழக்குங்க: மிதமான வேகத்துல இருந்து பத்து தடவை, முழுசா நிறுத்தாம குறைச்சு, அப்புறம் பிரேக் தொடாம ரெண்டு சுற்று ஓட்டி, பிட்ல கை பிரேக்கோ பெடலோ பிடிக்காம ஆற விடணும். சூட்டுல பேடை அழுத்தி வச்சா டிஸ்க்குல அந்த இடத்துல பேட் ஒட்டிக்கும், அப்புறம் பெடல் உதறும். அந்த உதறலை வளைஞ்ச டிஸ்க்குன்னு நினைச்சுப் புது டிஸ்க் வாங்கவேண்டாம், மணல் தாளால தேய்ச்சு மறுபடி பழக்கினா பெரும்பாலும் சரியாயிடும்.